கரையில் என்று காட்டிய பக்கம்

ரிவர்ஸ் புரொக்சி வைக்கிறவனுக்கு ஊரில் பெயர் கிடையாது. வேலை ஓடிக்கொண்டிருந்தால் அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது, நின்றுவிட்டால் அவனைத் தவிர வேறு யாரையும் தெரியாது.

என்னைப் போல சேர்வர் கணினிகளைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற சகோதரங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போதெல்லாம் ஒரு இணையச் செயலியை யாரும் அப்படியே திறந்த வெளியில் வைப்பதில்லை. அதையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார்கள். பெட்டிக்குக் கொன்ரெய்னர் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் மென்பொருள்தான். வெளியாட்கள் பெட்டியோடு நேரே கதைக்க முடியாது என்பதால் வாசலில் ஒருவனை நிறுத்த வேண்டும். அரசாங்கக் கச்சேரி வாசலில் உங்கள் விண்ணப்பத்தை வாங்கி உள்ளே கொண்டுபோய், பதிலோடு திரும்பி வருகிறவரைப் போல, அவன் நீங்கள் கேட்டதை உள்ளே கொண்டுபோவான், உள்ளே சொன்னதை வெளியே கொண்டுவருவான். அவன்தான் ரிவர்ஸ் புரொக்சி. அவனை நிறுத்துவது என் வேலை. நெளுக்குளத்தில் ஒரு உரக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் நான், என்னோடு படித்த ரமணன், இரண்டு மேசை, ஒரு மின்விசிறி.

எத்தனையோ இடங்களுக்கு வாசல் வைத்திருக்கிறேன். இங்கே எழுதப்போவது ஒரே ஒரு வாசலைப் பற்றித்தான். முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த வாசலில் வந்து எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கள் வீட்டு ஆள் கடலால் வந்துவிட்டாரா? இதற்குப் பிழையான பதில் போனால் என்ன ஆகும் என்று அந்த வேலையை ஒப்புக்கொண்ட நாளில் நான் யோசிக்கவேயில்லை.

பலகை

அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் ஒரு கரும்பலகை இருந்தது. நாற்பத்திரண்டு போட்டுகளின், அதாவது மீன்பிடிப் படகுகளின், பெயர்கள் வரிசையாக எழுதியிருக்கும். கடலுக்கு இறங்குகிறவர் தன் போட்டின் பெயருக்கு எதிரே சோக்கால் ‘கடலில்’ என்று எழுதிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் அதை அழித்து ‘கரையில்’ என்று எழுதுவார். அவரவர் கையால்தான் எழுத வேண்டும், இன்னொருவர் கை படக்கூடாது. கையில் கட்டுப்போட்டிருக்கிறவர்கூட மற்றக் கையால் கிறுக்கிவிட்டுத்தான் போவாராம். நேரம் தாண்டியும் ஒரு பெயர் ‘கடலில்’ என்றே இருந்தால் சங்கம் மற்றப் போட்டுகளை அனுப்பித் தேடும். கடைசிப் பெயர் மாறும்வரை யாராவது ஒருவர் மண்டபத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு, ரொறன்ரோவுக்குப் போன ஒருவர் இந்தப் பலகையை இணையப் பக்கமாக எழுதி, பெட்டிகளில் போட்டு அனுப்பியிருந்தார். பலகை இருந்த சுவரில் பெரிய போன் போன்ற ஒரு டெப்பை மாட்டினார்கள். ஒவ்வொரு போட்டுக்கும் நாலு இலக்கத்தில் ஒரு ரகசிய எண். அந்த எண்ணை அழுத்தினால்தான் நிலையை மாற்றலாம். பக்கத்தைப் பார்ப்பதற்கு எண் தேவையில்லை, வீட்டில் இருந்தபடி யாரும் போனில் பார்க்கலாம். வாசல் வைக்க நான் போனேன். சங்கத்தின் செயலாளர் பிலோமினா ரீச்சர், ஓய்வுபெற்ற ஆசிரியை. கடலில், கரையில் என்ற இரண்டு நிலைகளோடு மூன்றாவதாக ‘வரவில்லை’ என்றும் ஒன்று இருந்தால் தேடுவதற்கு வசதியாக இருக்குமே என்று நான் மேதாவித்தனமாகச் சொன்னேன். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“அந்தச் சொல்லை நாங்கள் எழுதிறேல்லைத் தம்பி. எழுதினாப் பிறகு ஆர் அதை அழிக்கிறது?”

சொந்தக் கதவு

முதல் நாள் என்னைப் பஸ் தரிப்பிடத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனவர் அமலதாஸ். நாற்பது வயதிருக்கும், சொந்தப் போட் வைத்திருப்பவர். காலையில் கடலால் வந்து, வலையைக் கழுவிப் போட்டுவிட்டு, என்னைக் கூட்டிவர வந்திருந்தார். வேலை ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று வழியெல்லாம் அளந்துகொண்டு போனேன்.

பிற்பகல் இரண்டு மணியாகியும் முடியவில்லை. புரொக்சியையும் நான் ஒரு பெட்டிக்குள்தான் வைத்திருந்தேன். செயலி எங்கே இருக்கிறது என்று அதற்குச் சொல்ல வேண்டிய இடத்தில், ‘இதே இடத்தில்’ என்று பொருள்படும் வழக்கமான முகவரியைக் கொடுத்திருந்தேன். ஒரு பெட்டிக்கு உள்ளே இருந்து ‘இதே இடம்’ என்றால் அந்தப் பெட்டி மட்டுமே. பக்கத்துப் பெட்டி அதற்கு வேறு ஊர். இது எல்லோருக்கும் தெரிந்த பிழை, எல்லோரும் விடுகிற பிழை, நானே நாலு பேருக்குத் திருத்திக் கொடுத்த பிழை. அன்றைக்கு எனக்கே கண்ணில் படவில்லை. ‘உள்ளேயிருந்து பதில் இல்லை’ என்று ஒரே பல்லவியைத் திரை பாடிக்கொண்டிருந்தது. அமலதாஸ் எனக்குச் சோறும் விளைமீன் குழம்பும் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் புலம்புவதைக் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார். அவர் எட்டாம் வகுப்புக்குமேல் படிக்காதவர். நான் மூன்று மணித்தியாலமாகத் தேடிய பிழையை ஒரே பேச்சில் சொல்லி முடித்தார்.

“நீர் வீட்டுக்குள்ள நிண்டுகொண்டு உம்மட வீட்டுக் கதவையே தட்டிறீர் போலக் கிடக்கு.”

ஒருவர் விட்ட பிழை

வேலை தொடங்கி ஏழு நாள் கழிந்து, இரண்டாவது கிழமை ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் பூட்டுப்பட்டுவிட்டது. யாருடைய எண்ணும் வேலை செய்யவில்லை. அமலதாஸின் மனைவி ஸ்ரெல்லா தன் புதிய போன் இலக்கத்தைப் போட் விவரத்தில் சேர்க்கப் போய், ரகசிய எண்ணை ஐந்து முறை பிழையாக அழுத்தியிருக்கிறார். ஐந்து பிழை விட்டால் அந்த ஆளை ஒரு மணித்தியாலம் உள்ளே விடாதே என்று செயலிக்குக் கட்டளை. ஆனால் அந்த ஆள் யார் என்று செயலிக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் என் புரொக்சி வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். யார் கேட்டார்கள் என்பதையும் கேள்வியோடு சேர்த்து உள்ளே சொல்லவேண்டும் என்று புரொக்சிக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. செயலியின் கண்ணுக்கு அந்த ஊரே ஒரு ஆள். அந்த ஒரு ஆள் ஐந்து பிழை விட்டாயிற்று.

நெளுக்குளத்தில் இருந்தபடியே வரியைச் சேர்த்துத் திறந்துவிட்டேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஸ்ரெல்லாவைப் போனில் கூப்பிட்டு, அக்கா, பிழை உங்களில் இல்லை, என்னில்தான் என்றேன். அவர் அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அப்படி ஒன்றுமில்லை. பின்னால் அடுப்பில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது. அலுத்த குரலில் சொன்னார்.

“ஒரு ஆள் விட்ட பிழைக்கு ஊரையே பூட்டிறது எங்களுக்குப் புதுசே தம்பி?”

பாதுகாப்பில்லை

இணையத்தளத்துக்கு ஒரு சான்றிதழ் உண்டு. காலத்துக்குக் காலம் அது தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்க வருகிறவர் தட்டுகிற கதவை, தேவையில்லாத கதவு என்று நினைத்து நானே மூடிவைத்திருந்தேன். சான்றிதழ் காலாவதியாகி, பக்கத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் ‘இந்த இடம் பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்பில் எழுத்து வந்தது. வேறு ஊரென்றால் பத்து நிமிடத்தில் பத்துப் பேர் போன் எடுத்துத் திட்டியிருப்பார்கள். இங்கே ஒருவரும் எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்துத் தற்செயலாக நானே பார்த்துத் திருத்தினேன். அந்த மூன்று நாளும் பெண்கள் பழையபடி கரையில் போய் நின்றிருக்கிறார்கள். ஏன் ரீச்சர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பாதுகாப்பில்லை எண்டு ஆரும் சொன்னா நாங்கள் ஏனெண்டு கேக்கிறேல்லைத் தம்பி, இடத்தை விட்டு வெளிக்கிட்டிடுவம்.”

வெள்ளைப் பக்கம்

கச்சான் காற்று தொடங்கியிருந்த காலம் அது. ரொறன்ரோக்காரர் செயலியில் ஏதோ திருத்தம் செய்து புதுப் பெட்டியாக ஏற்றிவிட்டார். புதுப் பெட்டிக்கு உள்ளே புது முகவரி. என் புரொக்சி பழைய முகவரியை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு அந்த வெற்றிடத்தையே தட்டிக்கொண்டிருந்தது. காலை ஒன்பதரை, போட்டுகள் திரும்பும் நேரம். பக்கத்தைத் திறந்தவர்களுக்கு வெள்ளைத் தாளும் நடுவில் இரண்டு ஆங்கிலச் சொல்லும்தான் தெரிந்தன. நாற்பத்திரண்டு பெயரும் காணாமல் போயிருந்தன. அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தவர்களும் உண்டு என்றார் ரீச்சர். ஸ்ரெல்லா ஒரு காலில் மட்டும் செருப்போடு கரைக்கு வந்தாராம். பத்தரைக்குள் எல்லாப் போட்டும் வந்து சேர்ந்துவிட்டன. அமலதாஸ் இறங்கி, என்ன எல்லோரும் திருவிழாவுக்கு வந்த மாதிரி நிற்கிறீர்கள் என்று சிரித்திருக்கிறார்.

ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, இனி அந்த வெறும் பக்கம் வரவே கூடாது, பழையதென்றாலும் பரவாயில்லை, ஏதாவது காட்டட்டும் என்றார். அது எனக்கு மிகவும் பிடித்த வேலை. உள்ளேயிருந்து பதில் கிடைக்கும் போதெல்லாம் அதில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள், உள்ளே பதில் இல்லாவிட்டால் கடைசிப் பிரதியைக் காட்டு என்று புரொக்சிக்குக் கட்டளை எழுதினேன். யாராவது எண்ணை அழுத்தும்போது பிழை வந்தாலும் பயமுறுத்தாமல் அப்படியே பெயர்ப் பட்டியலுக்குத் திருப்பி அனுப்பிவிடு என்றும் எழுதினேன். இனி இந்த ஊரில் ஒருவரும் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துப் பதறமாட்டார்கள் என்று ரமணனுக்குப் பெருமையாகக் காட்டினேன். அவன் கதிரையை இழுத்துப் போட்டு இரண்டு முறை வாசித்தான்.

“அது பழசெண்டு பாக்கிறவைக்கு எப்பிடி மச்சான் தெரியும்?”

இரண்டாம் தடவை

அடுத்த கிழமை நேரத்தைப் போட்டுவிடுகிறேன் என்றேன். எந்த நேரத்துப் பிரதி என்று பக்கத்தின் மேலே காட்டுவதற்கு ஒரு வரிதான் எழுத வேண்டும். அடுத்த கிழமை வேறு வேலை வந்தது. அதற்கடுத்த கிழமையும் வந்தது. சகோதரங்களே, உங்கள் ‘அடுத்த கிழமை’களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அன்று காலை அமலதாஸ் வழக்கம்போலக் கடலுக்குப் போய், பத்து மணிக்கு வந்து, ‘கரையில்’ என்று பதிந்தார். மத்தியானம் செயலி இருந்த பெட்டி நினைவகம் நிறைந்து நின்றுபோனது. நின்றால் தானாக எழும்பு என்று அதற்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், அதையும் எழுதவில்லை. ஐந்து நிமிடத்துக்கொருமுறை பக்கம் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு காவல் நிரலும் வைத்திருந்தேன். அதற்கும் வாசலில் நின்றவன் பழைய பிரதியைத்தான் காட்டினான். எல்லாம் சரி, எல்லாம் சரி என்று என் போனுக்குப் பச்சைப் புள்ளிகள் வந்துகொண்டேயிருந்தன.

மூன்று மணிக்கு அமலதாஸ் திரும்பவும் இறங்கினார். காலையில் மிதவை அறுந்ததால் விட்டுவிட்டு வந்த வலையை எடுக்க, கிட்டத்தில்தானே என்று தனியாகப் போயிருக்கிறார். அவரோடு வழமையாகப் போகிறவர் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். போகுமுன் மண்டபத்துக்கு வந்து, சுவரிலிருந்த டெப்பில் தன் எண்ணை அழுத்தி, ‘கடலில்’ என்று தொட்டிருக்கிறார். உள்ளே வாங்க ஆள் இல்லை. நான் சொல்லிவைத்தபடி புரொக்சி அவரைப் பயமுறுத்தாமல் பட்டியலுக்குத் திருப்பிவிட்டது. பட்டியல் திரையில் பாதிதான் தெரியும். அவர் போட்டின் பெயர் கீழ்ப் பாதியில். தள்ளிப் பார்க்க அவருக்கு என்ன தேவை? பதிந்தாயிற்று என்று போய்விட்டார்.

ஸ்ரெல்லா அன்று பிள்ளைகளோடு முள்ளியவளையில் தமக்கை வீட்டில் இருந்தார். தமக்கைக்குப் பிள்ளை பிறந்து ஒரு கிழமை. பின்னேரம் ஆறு மணிபோலப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். ‘கரையில்’ என்று இருந்தது. ரீச்சரும் தன் வீட்டிலிருந்து பார்த்தார், நாற்பத்திரண்டும் கரையில். மண்டபத்தில் கதிரை போட்டு உட்கார இப்போது ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை. ஸ்ரெல்லா போனில் கூப்பிட்டார், அமலதாஸ் எடுக்கவில்லை. கடலுக்குப் போகும்போது அவர் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார். களைத்துப் படுத்திருப்பார் என்று ஸ்ரெல்லா நினைத்துக்கொண்டார். மறுநாள் விடியக் கடலுக்கு இறங்க வந்தவர்கள்தான் அவருடைய போட் நிற்கும் இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டார்கள். ஆறரைக்கு என் போன் அடித்தது. ரீச்சரின் குரல் வகுப்பில் பாடம் சொல்வதைப் போல நிதானமாக இருந்தது.

“தம்பி, உங்கட பக்கத்தில அமலதாஸ் கரையில நிக்கிறான். கரையில ஆள் இல்லை.”

ஆறு மணி பன்னிரண்டு நிமிடம்

நான்காம் நாள் போட்டைக் கண்டுபிடித்தார்கள். தெற்கே வெகு தூரத்தில், என்ஜின் மூடி கழற்றியபடி, பாதி வலை உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்தது. அமலதாஸ் இல்லை. அதற்குப் பிறகும் பத்து நாள் ஊர்ப் போட்டுகள் போய்ப் போய் வந்தன.

புரொக்சி ஒன்றையும் மறைக்காது. யார் எப்போது கேட்டார்கள், நான் என்ன கொடுத்தேன், எங்கிருந்து எடுத்துக் கொடுத்தேன் என்று ஒவ்வொரு வரியாக எழுதி வைத்திருக்கும். மூன்று மணி நாலு நிமிடம்: மண்டபத்து டெப்பிலிருந்து ஒரு பதிவு, உள்ளே பதில் இல்லை, பட்டியலுக்கு அனுப்பினேன். ஆறு மணி பன்னிரண்டு நிமிடம்: ஒரு போனிலிருந்து பட்டியல் கேட்டார்கள், பழைய பிரதி கொடுத்தேன், வெற்றி. அதுதான் அதன் மொழியில் எழுதியிருந்தது. வெற்றி. அந்த வரிகளை ஒரு தாளில் அச்செடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். புறப்படுமுன் அலுவலகத்தில், நீ சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும் என்று ரமணனிடம் சொல்ல வாயெடுத்தேன். அவன் தலையைக் குனிந்து தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அப்போதே சொன்னேனே என்று அவன் ஒருமுறையாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். இன்றுவரை அவன் அதைச் சொல்லவில்லை.

மண்டபத்தில் சங்கத்து ஆட்கள் பத்துப் பேர், ரீச்சர், ஸ்ரெல்லா. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். உள்ளே பெட்டி செத்துக் கிடந்ததை, வாசலில் நின்றது பழையதைக் காட்டியதை, அதற்குக் கட்டளை எழுதியது நான்தான் என்பதை. ஆறு மணிக்கே தெரிந்திருந்தால் வெளிச்சம் போகுமுன் நாலு போட்டாவது இறங்கியிருக்கும். பன்னிரண்டு மணித்தியாலம் பிந்திவிட்டது. அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு பெரியவர் அன்றைக்குக் காற்றும் நீரோட்டமும் பொல்லாதது என்றார், எனக்காகத்தான் சொன்னார் என்று விளங்கியது. ஸ்ரெல்லா தாளை வாங்கி, ஆறு மணி பன்னிரண்டு நிமிடம் என்ற வரியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் இதைப் பாத்திட்டு நிம்மதியாத் தேத்தண்ணி குடிச்சனான் தம்பி.”

தெரியாது

பழைய பிரதி காட்டும் கட்டளையை அன்றே அழித்தேன். நேரம் போடும் வரியையும், பெட்டி தானாக எழும்பும் வரியையும் எழுதினேன். காவல் நிரலை வாசலைத் தாண்டி உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னேன். எல்லாமாக அரை மணித்தியால வேலை. மீதமிருந்தது, உள்ளே பதில் இல்லாதபோது வாசலில் என்ன காட்டுவது என்பதுதான். வருந்துகிறோம், சிறிது நேரத்தில் முயலுங்கள் என்று ஏதாவது நயமாக எழுதலாமா என்று ரீச்சரைக் கேட்டேன். அவர் மண்டபத்து மூலையில் சுவரோடு சாத்திவைத்திருந்த பழைய பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழையதைக் காட்டச் சொல்லிக் கேட்டது நான்தானே என்று மெல்ல முணுமுணுத்தார். நான் மறுத்துச் சொல்லப்போனேன், கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு ரீச்சர் சொன்னதைச் சுருக்கி ஒரே சொல்லாகத் திரையில் போட்டேன். இன்றும் அதுதான் இருக்கிறது.

“தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லட்டும் தம்பி, நாங்கள் கரைக்குப் போய்ப் பாப்பம்.”

நாலு இலக்கம்

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ரீச்சர் திரும்பவும் என்னை மண்டபத்துக்குக் கூப்பிட்டார், ஸ்ரெல்லாவும் சங்கத்து ஆட்களும் இருந்தார்கள். ஸ்ரெல்லா கணவரைக் காணவில்லை என்று முறைப்பாடு கொடுத்த இடத்தில், அன்று அவர் கடலுக்குப் போனதற்குச் சங்கத்தின் பதிவைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். பதிவை எடுத்துப் பார்த்தால் அன்று காலை பத்து மணி முதல் அமலதாஸ் கரையில் நிற்கிறார். மூன்று மணிக்கு அவர் அழுத்தியது உள்ளே போய்ச் சேரவேயில்லை அல்லவா? பெட்டி திரும்ப எழும்பியபோது பழைய இடத்திலிருந்தே எழும்பியது. ஊரில் ஒருவரும் அந்த வரியைத் தொடவில்லை. இன்னொருவர் வரியில் கை வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஆக ஊரெல்லாம் தேடிய ஆள், பக்கத்தின்படி ஒன்றரை மாதமாகக் கரையை விட்டு அசையவில்லை.

உள்ளே போய் ஒரே வரியில் மாற்றித் தருகிறேன் என்றேன். ரீச்சர் வேண்டாம் என்றார். அவனுடைய கையால் எழுத வேண்டியது, உங்கள் கையால் எழுதினால் அது என்ன பதிவு என்று கேட்டார். அது நியாயமாகத்தான் பட்டது. நான் கொண்டுபோன தாளில், மூன்று மணி நாலு நிமிட வரிக்குக் கீழே, இந்தப் பதிவு உள்ளே போகாததற்குக் காரணம் நான் செய்த பிழை என்று எழுதி, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். தொழிலில் முதல்தடவையாக என் பெயர் ஒரு இடத்தில் பதிவானது. ஆனால் அந்த வரி அப்படியே இருந்தது.

அப்போது ஸ்ரெல்லா எழும்பிப் போய் டெப்புக்கு முன்னால் நின்றார். ஒருவரும் தடுக்கவில்லை. ரீச்சர் மட்டும் எழுந்து நின்றார், அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். முன்பு ஐந்து முறை பிழையாக அழுத்தி ஊரைப் பூட்டிய அதே எண். இந்தத் தடவை ஒரு இலக்கமும் பிழையாகவில்லை. ‘கடலில்’ என்பதைத் தொட்டார். என் புரொக்சி அதை வாங்கி உள்ளே கொண்டுபோய், பதிலோடு திரும்பி வந்தது. ஸ்ரெல்லா பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தார், அமலதாஸின் போட்டுக்கு எதிரே ‘கடலில்’ என்று மாறியிருந்தது. நான் வைத்த வாசல்களில் அவ்வளவு ஒழுங்காக எதுவும் ஒருநாளும் வேலை செய்ததில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஸ்ரெல்லா அழவில்லை. சேலைத் தலைப்பால் திரையில் பட்ட விரல் அடையாளத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பினார்.

“இனியாவது அவர் போனவர் எண்டு இருக்கட்டும். போகாத ஆளை ஆர் தேடுவினம்?”

வாசலில் நிற்கிறவனுக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். உள்ளே பதில் இல்லாத நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதும் அதே சம்பளத்துக்குள் அடங்கிய வேலை என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்ன ஒருவனுக்கும் அடுத்த கிழமை என்று சொல்லிவிட்டேன்.